நாங்கள் ஊர் பார்த்த முதல் நாள்

கும்பகோணத்திலிருந்து என் மைத்துனர் எங்களுக்கு அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் உறைமேல், ‘கரடி, புனே’ என்று விலாசம் எழுதியிருந்தது. தபால்காரர் புத்திசாலி. முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே பத்திரிகை வந்து சேர்ந்துவிட்டது. ஊரின் பெயர் கராடி என்றும், இங்கே கரடி கிடையாது என்றும், இருப்பவை எல்லாம் இருபது மாடிக் கட்டடங்களே என்றும் அவருக்கு விளக்கிச் சொன்னேன். “அந்தரத்தில் குடியிருப்பதைவிடக் கரடியோடு குடியிருக்கலாம்” என்று அவர் பதில் சொன்னார்.

கராடி புனே நகரின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. அகமத்நகர் என்று நெடுங்காலம் வழங்கி, இப்போது அகில்யாநகர் எனப் பெயர் மாறியுள்ள ஊருக்குப் போகும் பெருஞ்சாலை இதன் வழியே செல்கிறது. 1997ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை இது தனிக் கிராமமாக இருந்தது. இன்று கணிப்பொறிக் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் மிகப் பலர். பிள்ளைகள் இருந்தால் பேரப்பிள்ளைகளும், பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தாத்தா பாட்டியும் இருப்பது இயற்கைதானே! அப்படி வந்தவர்கள்தாம் நாங்களும்.

இங்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் நாங்கள் புனேயைப் பார்த்ததில்லை. ரயிலடியிலிருந்து வந்த வழியும், காய்கறிக் கடையும், குழந்தைகள் விளையாடும் பூங்காவும், பல் வைத்தியர் வீடும் தெரியும். பதினான்காவது மாடியின் தாழ்வாரத்தில் நின்றால் தெற்கே ஓர் ஆறு தெரியும். அவ்வளவுதான். இந்தச் சஞ்சிகையைப் படிக்கும் பெரியவர்களில் எத்தனை பேருடைய புனே இதைவிடப் பெரியது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவல்.

இவ்வாண்டு தீபாவளி விடுமுறையை ஒட்டி மகனும் மருமகளும் ஒரு வாரம் லீவு எடுத்தார்கள். “குழந்தையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் இருவரும் ஊர் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றார்கள். ஊர் பார்ப்பது என்பதற்காகவே நானும் என் மனைவியும் எங்கேனும் போயிருக்கிறோமா என்று யோசித்தேன். மணமாகி நாற்பத்தோர் ஆண்டுகள் ஆகின்றன. கல்யாணங்களுக்குப் போயிருக்கிறோம், துக்கம் கேட்கப் போயிருக்கிறோம், வேண்டுதலைச் செலுத்தக் கோவில்களுக்குப் போயிருக்கிறோம். சும்மா பார்ப்பதற்கென்று போனதாக நினைவில்லை.

முதல் நாள் இரவே நான் ஒரு காகிதத்தில் பதினோரு இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரமும் குறித்துவைத்தேன். அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தவனுக்கு இது கைவந்த கலை. காலையில் என் மனைவி காப்பி டம்ளருடன் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, “இந்த ஆறு எங்கே போகிறது?” என்று கேட்டாள். “எங்கேயோ போகிறது. புறப்படு, எட்டரை மணிக்கு முதல் இடத்தில் இருக்கவேண்டும்” என்றேன்.

முதல் இடம் ஆகாகான் மாளிகை. கராடியிலிருந்து அதே பெருஞ்சாலையில் நகரை நோக்கிப் போனால் ஆட்டோவில் சிறிது நேரத்தில் போய்விடலாம். இத்தனை அருகில் இருப்பதை இரண்டு ஆண்டுகளாகப் பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. மூன்றாம் ஆகாகான் இதை 1892இல் கட்டினார். பஞ்சத்தில் வாடிய சுற்றுவட்டாரத்து ஜனங்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது நோக்கம் என்கிறார்கள். வளைவு வளைவான தாழ்வாரங்களும், விசாலமான புல்வெளியும், பெரிய மரங்களுமாக இருக்கிறது. 1969இல் நான்காம் ஆகாகான் இதைக் காந்தியடிகளின் நினைவுக்காக இந்திய மக்களுக்கு வழங்கிவிட்டார். 2003 முதல் இது தேசியச் சின்னம்.

இந்த மாளிகைதான் சிறையாக இருந்தது. 1942 ஆகஸ்டு 9ஆம் தேதி பம்பாயில் காந்தியடிகளைக் கைது செய்து இங்கே கொண்டுவந்தார்கள். அன்று மாலை கணவர் பேசவேண்டிய கூட்டத்தில் தாமே பேசுவதென்று கஸ்தூரிபா புறப்பட்டார். அவரையும் கைது செய்தார்கள். இரண்டு நாளில் அவரும் இங்கே வந்து சேர்ந்தார். மகாதேவ தேசாய், சரோஜினி தேவி, மீராபென், டாக்டர் சுசீலா நய்யார் முதலியோரும் உடனிருந்தார்கள். வந்த ஒரு வாரத்துக்குள், ஆகஸ்டு 15ஆம் தேதி, மகாதேவ தேசாய் மாரடைப்பால் இறந்தார். பிராயம் ஐம்பது. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே தேதியில் நாடு விடுதலை பெற்றது.

காந்தியடிகள் இருந்த அறையைக் கண்ணாடித் தடுப்புக்கு இப்பாலிருந்து பார்க்கலாம். என் மனைவி அதை அதிக நேரம் பார்க்கவில்லை. கஸ்தூரிபாவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் படித்திருந்ததைச் சொன்னேன். சிறையிலிருந்த நாட்களில் மீராபென்னோடு அந்த அம்மையார் காரம் விளையாடுவாராம். ஆட்டத்தில் மிகுந்த பிரியமாம். எழுபது வயதைத் தாண்டிய மனைவிக்குக் காந்தியடிகள் மறுபடி பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். குஜராத்தி வாசிப்பு, கொஞ்சம் பூகோளம். பஞ்சாபின் நதிகளுடைய பெயர்கள் மட்டும் அவருக்கு மனத்தில் நிற்கவே இல்லையாம். என் மனைவி சிரித்தாள். “அவர் கேட்டிருக்கவேண்டியது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஆறு வேறாக இருக்கும்” என்றாள். காலையில் தாழ்வாரத்தில் அவள் கேட்டது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

மாளிகையின் பின்புறம், தோட்டத்தின் ஓரத்தில் சமாதிகள் இருக்கின்றன. இந்த இடத்தை அமைத்தவர் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா. ஆடம்பரம் ஒன்றும் இல்லை. கஸ்தூரிபா 1944 பிப்ரவரி 22 அன்று இங்கே காலமானார். அன்று மகா சிவராத்திரி. மறுநாள் இந்த வளாகத்திலேயே தகனம் நடந்தது. காந்தியடிகள் தம் கையால் நூற்ற நூலில் நெய்த புடவையை அவருக்கு உடுத்தியிருந்தார்கள். அறுபதாண்டுக்கு மேற்பட்ட இல்வாழ்க்கை அங்கே முடிந்தது. இரண்டரை மாதம் கழித்து, மே 6ஆம் தேதி, அரசாங்கம் காந்தியடிகளை விடுதலை செய்தது. உள்ளே வந்தபோது இருவர், வெளியே போனபோது ஒருவர்.

அங்கே மர நிழலில் உட்கார்ந்தோம். அந்தக் கடைசி நாட்களைப் பற்றி என் மனைவி கேட்டாள். நான் சொன்னேன். முதலில் கஸ்தூரிபா தாமே வாய்விட்டுக் கேட்டது ஆயுர்வேத சிகிச்சையை. அதற்கு அனுமதி கொடுக்கச் சர்க்கார் தாமதம் செய்தது. பின்னர் லாகூரிலிருந்து வைத்தியர் வந்தார்; குணம் நிலைக்கவில்லை. இறுதியில் மகன் தேவதாஸ் வந்தார். தேவதாஸ் நமக்கு அந்நியர் அல்லர்; ராஜாஜியின் மாப்பிள்ளை. 1933 ஜூன் 16ஆம் தேதி அவருக்கும் லட்சுமிக்கும் திருமணம் நடந்ததும் இதே பூனாவில்தான். அக்காலத்தில் பெனிசிலின் புது மருந்து. கல்கத்தாவிலிருந்து அதை விமானத்தில் தருவித்தார்கள். தாய்க்கு அதைக் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று தேவதாஸ் துடித்தார். சில மணிக்கு ஒரு முறை ஊசி போட வேண்டும் என்று தெரிந்ததும் காந்தியடிகள் வேண்டாம் என்றார். போகிற உயிரை ஏன் துன்புறுத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். மகன் அழுதுகொண்டே விட்டுக்கொடுத்தார். அதற்குள் நிலைமை கைமீறியிருந்தது. மருந்து பலித்திருக்கும் என்று வைத்தியர்களாலும் உறுதி சொல்ல முடியவில்லை.

இதைச் சொல்லி முடித்து, காந்தியடிகள் செய்தது சரியா, தேவதாஸ் கேட்டது சரியா என்று நான் வாதிக்கத் தொடங்கியிருந்தேன். இரு கட்சிக்கும் என்னிடம் நல்ல வாதங்கள் இருந்தன. என் மனைவி குறுக்கிட்டு, “அந்த அம்மாளைக் கேட்டார்களா?” என்றாள்.

நான் பதில் பேசவில்லை. அவளும் பதிலை எதிர்பார்த்துக் கேட்டதாகத் தோன்றவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சமாதியின் பக்கம் திரும்பிவிட்டாள்.

சென்னை வில்லிவாக்கத்தில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. சிறிய வீடுதான், பின்கட்டில் ஒரு முருங்கை மரம், ஒரு கிணறு. அதை விற்றுவிட்டு மகனோடு வந்துவிடுவது என்று தீர்மானித்தவன் நான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நண்பர்கள் இருவரிடம் யோசனை கேட்டேன், மகனுக்கு எழுதினேன். வாங்குகிறவரிடமிருந்து முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகே அவளிடம் சொன்னேன். அவள் “சரி” என்றாள். அந்தச் ‘சரி’யை நான் இத்தனை நாளும் சம்மதம் என்று எண்ணியிருந்தேன். மேலே அதைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

கல்யாணி நகரில் மெட்ரோ ரயில் ஏறினோம். கராடிக்கு அருகில் ராம்வாடி வரையில் இந்த ரயில் வரத் தொடங்கியது 2024 மார்ச்சு 6ஆம் தேதியிலிருந்துதான். முதியோருக்கு மிகவும் சௌகரியமான வாகனம். பையன்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். ஏரவாடாவைக் கடக்கும்போது, இங்குள்ள சிறையில்தான் 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது என்றும், கையொப்பமிட்டவர்களில் ராஜாஜியும் ஒருவர் என்றும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். அடுத்து ரயில் ஓர் ஆற்றைக் கடந்தது. அவள் சட்டென்று ஜன்னலோரம் நகர்ந்து, “நம் வீட்டுக்குப் பின்னால் வருவது இதுதானே?” என்றாள். ஆம் என்றேன். சிவில் கோர்ட்டு நிலையத்துக்கு முன்னால் மறுபடி ஒரு நீரோட்டம் வந்தது. “இது முட்டா. முன்னே பார்த்தது முளாவும் முட்டாவும் சேர்ந்தது” என்று பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் இந்தியில் விளக்கினார். சிவில் கோர்ட்டில் இறங்கி, ஏறக்குறைய 33 மீட்டர் ஆழத்துக்கு நகரும் படிகளில் போய் வேறு ரயில் மாறினோம். பாதாள லோகத்துக்குப் போகிறவர்களைப்போல இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டு ஒரு சிறுமி சிரித்தாள்.

கஸ்பா பேட்டை பழைய புனேயின் நடுவிடம். ஊரின் காவல் தெய்வமான கஸ்பா கணபதி கோவில் இங்கேதான். லால் மகாலும் அருகிலேயே உள்ளது. சிவாஜியின் தந்தை சாஹாஜி கட்டிய வீடு. சிறு பிராயத்தில் சிவாஜி தாயார் ஜீஜாபாயோடு இங்கே வளர்ந்தார். பழைய வீடு அழிந்துபோயிற்று. இப்போது நிற்பது பிற்காலத்தில் எழுப்பிய கட்டடம். ஆகவே பார்ப்பதற்கு அதிகம் இல்லை. ஆனால் தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவர்கள் இதைச் சும்மா கடந்துபோக முடியாது. சாஹாஜியின் மற்றொரு மகனான வெங்கோஜிதான் தஞ்சையைப் பிடித்து அங்கே மராட்டிய அரசை நிறுவியவர். 1677இல் சிவாஜி தெற்கே வந்தபோது கொள்ளிடக் கரையில், திருமழபாடியில், அண்ணனும் தம்பியும் சந்தித்தார்கள். தந்தையின் சொத்தில் பங்கு கேட்கும் பேச்சு அது, சுமுகமாக முடியவில்லை. 1855 வரையில் தஞ்சை அந்த வம்சத்திடம் இருந்தது. பெரிய கோவில் சுவரில் சரபோஜி 1803இல் வெட்டுவித்த மராட்டிக் கல்வெட்டில் இந்தக் குடும்பத்தின் சரித்திரம்தான் எழுதியிருக்கிறது.

“அப்படியானால் இவர்கள் வீட்டுப் பிள்ளை நம் ஊருக்கு வந்து தங்கிவிட்டான். நம் பிள்ளை இவர்கள் ஊருக்கு வந்து தங்கிவிட்டான்” என்று என் மனைவி கணக்குத் தீர்த்தாள்.

சனிவார் வாடா எதிரேதான். முதல் பாஜிராவ் பேஷ்வா 1730 ஜனவரி 10ஆம் தேதி, சனிக்கிழமை, அஸ்திவாரமிட்டதால் இந்தப் பெயர். வடக்கு நோக்கிய டில்லி வாசலின் கதவுகளில், யானைகள் முட்டித் தகர்க்காதபடி கூரிய இரும்பு முளைகள் அறைந்திருக்கிறார்கள். உள்ளே 1828இல் பிடித்த நெருப்பில் எல்லாம் போய்விட்டது. கல் அடித்தளங்களும் நீரூற்றுக் குழிகளும் புல்லுமே எஞ்சியிருக்கின்றன. நான் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் பின்தங்கியிருந்தோம். இன்னும் எட்டு இடங்கள். திரும்பிப் பார்த்தபோது என் மனைவி வாசல் படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். “உனக்கு எங்கே போகவேண்டும்?” என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கேள்வி விளங்கவில்லை என்று முதலில் எண்ணினேன். பிறகு அவள் சொன்னாள்: “வரும்போது ஒரு சந்திலிருந்து செம்பு தட்டும் சத்தம் கேட்டது. அங்கே போகலாம்.”

எனக்கு அப்படி ஒரு சத்தமே கேட்கவில்லை. ஆனால் அவள் பிறந்தது கும்பகோணம். பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன ஊர். சுத்தியல் சத்தத்தில் கண் விழித்து வளர்ந்தவள். விசாரித்துக்கொண்டு போனதில், அது தாம்பட் ஆளி என்னும் கன்னார் சந்து. செம்பு வேலை செய்யும் தாம்பட் மக்கள் பேஷ்வாக்கள் காலம் முதல் இங்கே குடியிருக்கிறார்கள். குறுகலான சந்து, வீட்டின் முன்புறமே பட்டறை. ஓர் ஆள் தரையில் உட்கார்ந்து, பாத்திரத்தை இரும்புக் கம்பத்தில் மாட்டித் திருப்பித் திருப்பித் தட்டிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வோர் அடியும் முன்னடியின் பக்கத்திலேயே விழுகிறது. செம்புத் தகடு முழுவதும் முத்துக் கோத்தாற்போல் வரிசை வரிசையாகக் குழிகள் தோன்றுகின்றன. இது அழகுக்காக மட்டும் அன்று. தட்டத் தட்டத் தகடு இறுகி உறுதிப்படுகிறது. வெந்நீர் போடும் பெரிய செம்பு பாய்லர்கள் வாசலில் நின்றன. வீடுகளுக்கு மின்சார வெந்நீர்க் கருவி வந்த பிறகு அவற்றைக் கேட்பார் குறைந்துவிட்டார்கள். விளக்குக் கூடுகளும் பூச்சாடிகளும் செய்து விற்கிறார்கள்.

என் மனைவிக்குத் தெரிந்த மராட்டி இரண்டே சொல்: ‘கிதி’ என்றால் எவ்வளவு, ‘நகோ’ என்றால் வேண்டாம். காய்கறிக் கடைக்கு இது போதும். பட்டறைக்குப் போதாது என்று நான் இந்தியில் உதவ முன்வந்தேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. உள்ளே விளிம்பு அகன்ற ஒரு பெரிய பாத்திரத்தைக் கண்டு, அதன் வயிற்றை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். கன்னார் நிமிர்ந்து, “கங்காள்” என்றார்.

“கங்காளமா!” என்றாள் என் மனைவி.

“கங்காள்” என்று அவர் தலையை ஆட்டினார்.

அவளுக்கு உண்டான சந்தோஷத்தை எழுத எனக்குச் சாமர்த்தியம் போதாது. அவள் பாட்டி வீட்டில், கல்யாணத்துக்கும் திவசத்துக்கும் பரணிலிருந்து இறக்கும் பெரிய பாத்திரத்துக்குக் கங்காளம் என்றுதான் பெயர். அதைத் தமிழ்ச் சொல் என்றே இத்தனை காலம் எண்ணியிருந்தோம். வெங்கோஜியின் குதிரைகளோடு வந்த சொல் அது. மராட்டியர் தஞ்சைக்குக் கொண்டுவந்து இறக்கிவைத்துவிட்டுப் போன பாத்திரம். அடுத்தபடியாக அவள் உட்புறத்தைக் காட்டி, “கலாய்?” என்றாள். ஈயம் பூசுவதை நம் பக்கத்தில் கலாய் பூசுவது என்று சொல்வதுண்டு. அவரும் ஒரு வெள்ளைப் பூச்சிட்ட பாத்திரத்தை எடுத்துக் காட்டி, “கல்ஹயி” என்றார். அதன்பின் அரை மணி நேரம் இருவரும் பேசினார்கள். அவள் தமிழில் பேசினாள், அவர் மராட்டியில் பேசினார். அடி கனம், விளிம்பு மடிப்பு, ஒட்டு வைத்த இடம் ஆகிய எல்லாவற்றையும் பற்றிச் சர்ச்சை நடந்தது. நான் படியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஆண்டுகளாக என் மனைவி வாய் பேசாதவளாகிவிட்டாள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை, பேசுவதற்கு விஷயம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சிறிய செம்பு வாங்கினாள். விலையைக் ‘கிதி’ என்று கேட்டு, அவர் சொன்னதற்கு ‘நகோ’ என்று சொல்லி, இரு சொற்களையும் ஒருமிக்கப் பயன்படுத்திக் கொஞ்சம் குறைத்தும் விட்டாள்.

சாப்பாடு ஒரு சிறு மராட்டி விடுதியில். மிளகாய்க்குப் பயந்து வரண் பாத் கேட்டோம்; அது நம் பருப்புச் சாதமேதான், மேலே நெய், ஓர் எலுமிச்சைத் துண்டு. பிற்பகல் வேறு எங்கும் போகவில்லை. மண்டை என்னும் பழைய மார்க்கெட்டின் எண்கோணக் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்து, கொத்தமல்லி வாங்கிக்கொண்டு ரயிலேறினோம். பட்டியலில் எட்டு இடங்கள் அப்படியே நின்றன.

மாலையில் அவள் மறுபடி தாழ்வாரத்தில் நின்றாள். இம்முறை நானும் போய் நின்றேன். காலையில் கேட்டதற்குப் பதில் சொன்னேன். முளாவும் முட்டாவும் நகருக்குள் சங்கம் பாலத்தருகே கூடி, கராடியைக் கடந்து கிழக்கே போய்ப் பீமா நதியில் சேர்கின்றன. பீமா பண்டரிபுரத்தைத் தொட்டுக்கொண்டு போய்க் கிருஷ்ணாவில் கலக்கிறது. கிருஷ்ணா ஸ்ரீசைலம் அணைக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு பங்கு நீரைக் கால்வாயில் திருப்பிக் கண்டலேறு வழியாகப் பூண்டி ஏரிக்கு விடுகிறார்கள். 1996 முதல் அது சென்னைக்கு வருகிறது. அதற்காக மகாராஷ்டிரமும் தன் பங்கிலிருந்து 5 டி.எம்.சி. நீரை விட்டுக்கொடுத்திருக்கிறது.

“1993இல் லாரித் தண்ணீருக்காக விடியற்காலை மூன்று மணிக்குக் குடத்தோடு நின்றேனே, அதற்குப் பிறகு வில்லிவாக்கத்துக் குழாயில் வந்தது இந்த ஆற்றுத் தண்ணீரா?” என்றாள்.

“இதில் ஒரு துளியாவது இருந்திருக்கும்.”

அவள் கீழே பார்த்தாள். ஆகாயத்தாமரை மண்டி, ஓரத்தில் வெள்ளையாக நுரை ஒதுங்கியிருந்தது. தூரத்திலிருந்து பார்க்க அழகு. கிட்டப் போனால் நாற்றம் தாங்காது. நகரத்துச் சாக்கடையெல்லாம் இதில் விழுகிறது. “வழியில் தெளிந்திருக்கும்” என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

நான் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, நாளைக்கு எங்கே என்று கேட்டேன்.

“இரண்டு ஆறும் சேர்கிற இடத்தைப் பார்க்கவேண்டும். அப்புறம் உங்கள் பட்டியலில் ஏதோ மலை இருக்கிறதே, அதற்கும் போகலாம்” என்றாள். “ஆனால் எட்டரை மணிக்கெல்லாம் முடியாது. காலையில் செம்பைப் புளி போட்டுத் துலக்க வேண்டும்.”